ஈரம் அண்ணனும் சூடேறாத டிரையரும்

உலகத்தில் உள்ள அத்தனை துணியும் ஈரமாகத்தான் இருக்கிறது என்று நம்பிய ஒரு மனிதர் ராயபுரத்தில் வேலை பார்த்தார். வீட்டில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் யாருக்கும் அது தெரியாது. முதலாளியிலிருந்து எதிர் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘ஈரம்’. என்னைப் போன்ற சின்னவர்கள் மரியாதையாக ‘ஈரம் அண்ணே’ என்போம்.

நான் அப்போது படிப்பை முடித்த கையோடு, அங்கே துறைமுகத்தை ஒட்டிய ஒரு லாண்டரியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. லாண்டரி என்றதும் தெருமுனை இஸ்திரிக் கடையை நினைத்துவிடாதீர்கள். கப்பல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். கப்பல் கிளம்புவதற்குள் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பஸ்ஸாவது கை காட்டினால் நிற்கும். கப்பல் நிற்காது.

உலர்த்துவதில்தான் பெரும்பாடு. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் நிலக்கரி மலைமலையாகக் குவிந்து கிடக்கும். கடல் காற்று திரும்பினால் எங்கள் மொட்டைமாடியில் கரித்தூள் படியும். காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டியை மத்தியானம் எடுத்தால் வக்கீல் அங்கியாக இருக்கும். அதனால் முதலாளி ஒரு ராட்சத டிரையர் வாங்கிப் போட்டிருந்தார். பீரோவை விடப் பெரிது. உள்ளே ஒரு டிரம் சுற்றும், அதன் வழியாகச் சூடான காற்று பாயும், துணி அப்பளம் மாதிரி மொறமொறவென்று வெளியே வரும். அந்த டிரையரைப் பார்த்துக்கொள்வதும், துணி காய்ந்துவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வதும் ஈரம் அண்ணனின் வேலை.

தீர்ப்பை அவர் கையால் சொல்ல மாட்டார். துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டு வருவார். ஏன் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன்.

“கை பொய் சொல்லும்மா. அது நாள் பூரா வேல செஞ்சு மரத்துப் போய்க் கீது. கன்னம் சொம்மாதான கீது, அது நெசம் சொல்லும்” என்றார்.

கன்னம் சொன்ன நிஜம் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். ஈரம். நாங்கள் கையில் எடுத்தால் சுடச்சுட இருக்கும் விரிப்பையும் ஈரம் என்று மறுபடி உள்ளே தள்ளுவார். கரண்டு பில்லைப் பார்த்து முதலாளி பெருமூச்சு விடுவார்.

லாண்டரிக்குள்ளே இது நடந்தால் பரவாயில்லை. வெளியேயும் நடந்தது. அவர் வீடு திருவொற்றியூரிலும் என் வீடு அங்கே போகிற வழியிலும் இருந்ததால் சாயங்காலம் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. முன்சீட்டில் யாராவது தலைக்குக் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தால் போதும். இவர் மெல்ல முன்னால் சாய்வார். துண்டின் ஓரம் இவர் கன்னத்துக்கு வந்துவிடும். அந்த ஆள் திரும்பிப் பார்ப்பார். “நைனா, ஈரம். இத்தோட போனா சளி புடிச்சுக்கும்” என்பார் இவர். பஸ் மொத்தமும் எங்களைப் பார்க்கும். நான் ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பேன். அந்த ரோட்டில் பல இடங்களில் கடல் தெரியாது. இருந்தாலும் பார்ப்பேன்.

ஒரு கல்யாணத்தில், தாலி கட்டப் போகிற நேரத்தில் மேடை ஏறி மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தைச் சோதித்துவிட்டு இறங்கினார். அதையாவது ஏதோ ஆசீர்வாதம் என்று சொல்லிச் சமாளித்தோம். எங்கள் வாஷிங் ஆளின் தகப்பனார் காலமானபோது நடந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மெல்ல முடியவில்லை, விழுங்க முடியவில்லை. ஈரம் அண்ணன் மாலையைச் சாத்திவிட்டு, குனிந்து, பெரியவர் மேல் போர்த்தியிருந்த கோடித் துணியில் கன்னத்தை வைத்து அப்படியே இருந்தார். கூடியிருந்தவர்கள் உருகிவிட்டார்கள். இவ்வளவு பாசமா என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் நிமிர்ந்து, மகனின் தோளைப் பிடித்து, காதருகே மெதுவாகச் சொன்னார்: “ஈரம்.”

லாண்டரி சார்பில் போன நாங்கள் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்தோம்.

ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. டிரையரின் கதவுக்கு அடியில் ஒரு ஜல்லடை உண்டு. துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் படியும். அது அடைத்தால் காற்று ஓடாது, சூடு வராது. நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் ஒவ்வொரு ஈடு துணிக்கும் அதை உருவி, பிரஷ் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியானால்தான் திரும்பச் செருகுவார். அந்த மிஷினுக்கு அவர் இருக்கும்வரை நோய் வராது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் நோய் வந்தது. டிரம் சுற்றியது. கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு வெறும் காற்று. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் துணி வேகாத இட்லி மாதிரி வெளியே வந்தது.

ஈரம் அண்ணன் முதல் நாளே கன்னத்தில் வைத்துவிட்டு ஈரம் என்று அறிவித்தார். அவர் வேறு எதை எப்போது அறிவித்திருக்கிறார்? யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் சொன்னார். கப்பல் துணி கட்டி அனுப்புகிற அன்று முதலாளியின் மேஜை முன்னால் நின்று, “மொதலாளி, இது மெய்யாலுமே ஈரம்” என்றார். முதலாளி நல்ல மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்று என்று எப்போதும் அப்போதுதான் மடித்து எடுத்தவர் போல இருப்பார். உரக்கப் பேச மாட்டார். வேனில் ஏற்றச் சொல்லிக் கை காட்டினார்.

துறைமுக வாசலுக்கு எதிரில் ஏஜென்ட் ஆபீசில் வைத்துத்தான் துணியை ஒப்படைப்போம். நான் பில்லோடும், ஈரம் அண்ணன் மூட்டைகளோடும் போனோம். கப்பலின் ஸ்டூவர்ட் தூத்துக்குடிக்காரர். படுக்கை, சாப்பாடு, துணிமணி எல்லாம் அவர் பொறுப்பு. கறாரான ஆள். ஒரு மூட்டையை அவிழ்த்தார், நடுவிலிருந்து ஒரு விரிப்பை உருவினார், முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“என்ன அண்ணாச்சி, இது ஈரமால்லா இருக்கு?”

ஊரையெல்லாம் பார்த்து ஈரம் அண்ணன் சொல்லிவந்த வார்த்தையை அன்றைக்குத்தான் இன்னொருவர் அவரைப் பார்த்துச் சொன்னார். அண்ணனின் முகம் தொங்கிவிட்டது. ‘நான் அப்போதே சொன்னேன், முதலாளிதான் கேட்கவில்லை’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏஜென்ட் ஆபீசில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, “தப்பு என்துதான் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையைத் திரும்பக் கட்டினார். மறுநாள் சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது, அதற்குள் காய்ந்த துணி வராவிட்டால் இனி வேறு லாண்டரி பார்த்துக்கொள்வதாக ஸ்டூவர்ட் என்னிடம் சொன்னார். வேன் வாசலில் நின்றது. அதை மறந்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டார். டிரைவர் கூடவே வண்டியை உருட்டிக்கொண்டு போய்க் கெஞ்சி ஏற்ற வேண்டியிருந்தது.

கதையைக் கேட்ட முதலாளி டிரையர் கம்பெனிக்குப் போன் செய்தார். மறுநாள் காலை அம்பத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். அவர் சட்டையைப் பார்த்தும் ஈரம் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்தது.

மெக்கானிக் அதிகம் பேசாதவர். ஃபியூஸைப் பார்த்தார். மூன்று ஃபேஸிலும் கரண்டு வருகிறதா என்று பார்த்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, சூடேற்றும் காயில்களை ஒவ்வொன்றாக டெஸ்டரால் தொட்டார். எல்லாம் சரியாக இருந்தது. ஜல்லடையை உருவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான ஜல்லடையை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். ஈரம் அண்ணன் லேசாகத் தலை நிமிர்ந்தார். பிறகு மெக்கானிக் மிஷினை ஓடவிட்டுக் காத்திருந்தார். வெதுவெதுப்பு வந்தது. ‘டக்’ சத்தமும் வந்தது. அவர் முதலாளியிடம் பொறுமையாகச் சொன்னார். சூடு தாராளமாகவே ஏறுகிறது. ஆனால் அந்தக் காற்று வெளியே போக வழியில்லை. உள்ளேயே சுற்றிச் சுற்றி அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. எரிந்துபோய்விடாமல் இருக்க மிஷின் தானாகவே சூட்டை அணைத்துக்கொள்கிறது.

“வெளிய போற பைப்பு எங்க சார் முடியுது?” என்று கேட்டார்.

“பின்னாடி சந்துல” என்றார் முதலாளி.

“அங்க ஒண்ணும் இல்ல சார்” என்றார் ஈரம் அண்ணன் அவசரமாக. “ஒரே கலீஜு. சேறு. நீங்க போவாதீங்க.”

மெக்கானிக் கிளம்பிவிட்டார். பின்னால் முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. நான் குடையோடு. எல்லோருக்கும் கடைசியில், ஒவ்வொரு அடிக்கும் குட்டையாகிக்கொண்டே வருகிறவர் மாதிரி, ஈரம் அண்ணன்.

அந்தச் சந்தில் வலைக்கும் படகுக்கும் போகிறவர்களின் வீடுகள் நெருக்கியடித்து இருக்கும். எங்கள் சுவரிலிருந்து வாளி அகலத்துக்கு ஒரு தகரக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெக்கானிக் அதன் வாயில் உள்ளங்கையைக் காட்டினார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊதுவத்திப் புகை அளவுக்குக்கூடக் காற்று வரவில்லை. அவர் கையை உள்ளே விட்டார். எதையோ பிடித்து இழுத்தார்.

ஒரு ஸ்கூல் சட்டை வந்தது.

அடுத்து ஒரு குழந்தைக் குல்லா. பிறகு ஒரு பனியன், இரண்டு கால் சாக்ஸ், இரண்டும் வேறு வேறு ஜோடி. ஒரு பாவாடை. சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர்கள் போடும் வெள்ளை அங்கி ஒன்று. எல்லாவற்றையும் சுற்றி, பஞ்சு அடைத்துக்கொண்டு மெத்தை மாதிரி ஆகியிருந்தது. மெக்கானிக் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் உருவிக்கொண்டே இருந்தார். சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள்.

“ஐய, அது எம் புள்ளது” என்று ஒருத்தி வந்து சட்டையை வாங்கிக்கொண்டாள்.

என் கறுப்புத் துப்பட்டா வந்தது. போன வாரம் நனைந்து வந்தபோது, கொடும்மா காயவைத்துத் தருகிறேன் என்று அண்ணன் வாங்கிப் போனது. எங்கே காயவைப்பார் என்று அப்போது நான் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக, குழாயின் ஆழத்திலிருந்து, ஒரு பட்டாப்பட்டி அரை டிராயர் வந்தது. நல்ல சிவப்புக் கோடு. மெக்கானிக் அதைத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்பது போலச் சுற்றிலும் பார்த்தார். முதலாளியின் காது மெல்ல மெல்லச் சிவந்தது. அவர் கையை நீட்டினார். அதை வாங்கி, இரண்டாக மடித்து, நான்காக மடித்து, வெள்ளைச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டு, நேராக நடந்து லாண்டரிக்குள் போய்விட்டார். அவருடைய வீட்டம்மாதான், மழையில் காயவில்லையே என்று வீட்டுச் சமையல்காரர் மூலம் ஈரம் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சந்து சிரிக்கும் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. பெண்கள் தங்கள் துணியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்க்கப் பொறுக்காமல், அண்ணன் குழாயின் வாய்க்குள் ஒரு கம்பி வலையைத் தட்டு மாதிரி செருகி, அதில் துணியை வைத்து உலர்த்திக் கொடுத்திருக்கிறார். முதலில் ஒரு சட்டை. பிறகு சந்தே கொண்டுவந்து கொடுத்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெளியே தெரியக் கூடாது என்று குச்சியால் உள்ளே தள்ளினார். தள்ளியதில் சிலது அங்கேயே தங்கிவிட்டது. ஜல்லடையை அப்படித் துடைத்தவர், சுவருக்கு அந்தப் பக்கமும் மிஷின்தான் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

“வெளிய போற காத்து யாருக்கும் வோணாத காத்துதான சார்” என்றார் மெக்கானிக்கிடம், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

குழாய் சுத்தமானதும் டிரையர் பழையபடி சீறியது. மத்தியானத்துக்குள் கப்பல் துணி முழுவதும் காய்ந்துவிட்டது. சாயங்காலம் ஸ்டூவர்ட் ஒரு விரிப்பை உருவிப் பார்த்தார், தலையசைத்தார், கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்து சொல்லலாம் என்று பார்த்தால் ஈரம் அண்ணன் இல்லை. பிரஷ் மிஷின் மேல் இருந்தது.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். சந்தில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “வூட்டுக்குப் போறப்ப அவனப் பாத்து வரச் சொல்லும்மா. அவன் இல்லாம எதத் தொட்டாலும் காஞ்ச மாதிரியே கீது. சந்தேகமா இருக்கு” என்றார்.

அவர் வீடு திருவொற்றியூரில் ஒரு லைன் வீடு. அவர் மனைவி சரசக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாடிப் பக்கம் கத்தியை நீட்டினார். வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லையாம், யார் கூப்பிட்டாலும் கீழே வருவதில்லையாம். “அந்த மிஷினுக்கு வந்தது இவருக்கு வந்துகிச்சு. சூடே ஏற மாட்டேங்குது” என்றார்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தூறிக்கொண்டிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஊரில் யார் மேலும் ஈரத்தைப் பொறுக்காதவர், முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார்.

மிஷின் சரியாகிவிட்டது, ஸ்டூவர்ட் திருப்தியாகப் போனார் என்றேன். அது அவர் காதில் விழவே இல்லை.

“மொதலாளி எப்பிடிப்பட்ட மனுசன். அவரோடத அத்தினி பொம்பளைங்க முன்னாடி தூக்கிக் காட்ட வெச்சிட்டேன். உன் துப்பட்டாவ வேற. ஒரு சந்தே தல குனிஞ்சு போச்சும்மா என்னால. அங்க வந்து நான் மூஞ்ச எங்க வெச்சுக்குவேன்?”

முதலாளி கூப்பிடுகிறார் என்றேன். அசையவில்லை. நாளைக்கு வேறொரு கப்பல் துணி வருகிறது என்றேன். அதற்கும் அசையவில்லை. போகலாமா என்று எழுந்தபோதுதான், தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“ரெண்டு நாளா யாரு பாக்குறாங்க?”

“நான்தாண்ணே.”

“எதுல?”

“கன்னத்துலதான்.”

“எந்தக் கன்னம்?”

“வலது.”

அவர் முதல்முறையாக நிமிர்ந்து, மிகுந்த வேதனையோடு என்னைப் பார்த்தார். “வலதுலயா பாத்த?” என்று கேட்டுவிட்டு எழுந்து, சரசக்காவிடம் காய்ந்த சட்டை கேட்கக் கீழே இறங்கிப் போனார். இன்றுவரை வலது கன்னத்துக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியாது.

வேலைக்கு வந்தார். ஆனால் மழைக்காலம் முடியும்வரை முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. முதலாளியும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் டிரையரைப் பார்த்தபடிதான் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் முதலாளி தகர வேலைக்காரரை அழைத்துவந்து, சந்துச் சுவரில் குழாய்க்கு எதிரே, காற்று அடைபடாத தூரத்தில் ஒரு கம்பிக் கொடியும் அதற்கு மேல் ஒரு சின்னக் கூரையும் போட்டார். பள்ளிக்கூடச் சட்டைகள் வரிசையாக அதில் படபடத்தன. முதலாளி வீட்டுத் துணி மட்டும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகி மாதவரத்துக்குப் போக வேண்டி, வேலையை விட்ட அன்று எல்லோரும் ஏதேதோ கொடுத்தார்கள். ஈரம் அண்ணன் கிட்டே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கும்போது மூச்சு வாங்க வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கையில் திணித்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது போல, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி, “அங்க மழ ஜாஸ்தின்னு சொன்னாங்க” என்றார். மாதவரம் என்ன மலைப்பிரதேசமா என்று நான் கேட்கவில்லை. பிரித்தால் உள்ளே ஒரு புதுக் குடை.

இத்தனை வருஷமாக அது என் பீரோவில் இருக்கிறது. மழை வந்தால் எடுப்பேன், வாசல்வரை கொண்டுபோவேன், பிறகு திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். நனைந்துவிடுமே.